மூக்கு யார் சாடை?

தாராவி,
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரேமா எழுதுவது. நீ, அத்தான், உன் மாமியார் மூவரும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குழந்தை பிறந்ததை அத்தான் போனில் கேட்டிருப்பாய். அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், உங்கள் தெருவே கேட்டிருக்கும். அதனால்தான் நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன். இதை அத்தான் கையில் கொடுக்காதே.

பெண் குழந்தை. ஏழு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். எடை தொள்ளாயிரத்து அறுபது கிராம். என் வீட்டுக்காரர் கணக்கில் சொன்னால் ஒரு கிலோ இட்லி அரிசிக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாய் மாட்டி வைத்திருக்கிறார்களாம். அவர்தான் காலையில் சைக்கிளில் இட்லி விற்று முடித்துவிட்டு நேரே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து அதைப் பார்க்கிறார்.

எனக்கு இந்த வார்டே பிடிக்கவில்லை. பினாயில் நாற்றம், பக்கத்துக் கட்டிலுக்காரி சாப்பிட்ட மீன்முள், தரையில் ஈரம். அதைவிட நாற்றம், பார்க்க வருகிறவர்கள் வாய். என் மதினி கோமதியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிளைத் தின்றுகொண்டே சொல்கிறாள்: "தங்குதது தங்கும், போறது போவும். நீ சின்னப் பொண்ணுதானே." நாத்தனார் என்றுகூடப் பார்க்காமல் அந்த ஆப்பிளை அவள் வாயிலேயே திணிக்கலாம் போல இருந்தது. எனக்கு வாங்கிவந்த ஆப்பிள் அது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. அம்மா இல்லாத எனக்கு உன்னைவிட்டால் யார்?

அன்புத் தங்கை,
பிரேமலதா

*

வள்ளியூர்,
15 பிப்ரவரி 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

அக்கா பானுமதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் தையல் காயம் எப்படி இருக்கிறது? குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே, பூண்டுக் குழம்பு தவிர வேறு எதையும் தொடாதே.

உன் மதினியைப் பற்றிப் படித்ததும் எனக்கு வாயில் வந்த வார்த்தையைப் பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து எழுத முடியாது. தூ! அவ்வளவுதான் எழுதலாம்.

சொல்லுகிறேன், கேட்டுக்கொள். நம் பக்கத்தில் குறைமாதப் பிள்ளைக்கு ஒரு வழக்கம் உண்டு. முப்பது நாள் தாண்டும்வரை பெற்றவள் முகம் பார்க்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பார்த்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிய்த்தால் சதையோடு வரும். பாலை மட்டும் பிழிந்து கொடுத்தனுப்பு. வெங்கடேஷ் தம்பி போய்ப் பார்க்கட்டும். ஆம்பளைக்கு அவ்வளவு ஒட்டாது.

கடவுள் இருக்கிறார்.

அக்கா
பானுமதி

பி.கு.: தம்பி பார்த்துவிட்டு வந்து ஏதாவது சொன்னாரா? மூக்கு யார் சாடை?

*

தாராவி,
22 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே இருக்கிறேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். தையலில் சீழ் வைத்து நான்கு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்?

எடை எண்ணூற்று எழுபதுக்கு இறங்கி, இப்போது தொள்ளாயிரத்து நாற்பதுக்கு ஏறியிருக்கிறதாம். இரண்டு மணிக்கொரு தரம் குழாயில் மூன்று மில்லி பால். நடுநடுவே மூச்சுவிட மறந்துபோகிறதாம். அப்போது மிஷின் கத்துமாம், நர்ஸ் வந்து உள்ளங்காலில் சுண்டுவாளாம், மறுபடி மூச்சு வருமாம். அவர் சொன்னார்.

பால் பிழிகிறதைப் பற்றி உனக்கு மட்டும் சொல்கிறேன். பத்துக்குப் பத்து அறையில் ஒரு பக்கம் மாவு அரைக்கிற கிரைண்டர், ஒரு பக்கம் இட்லிக் கொப்பரை. நடுவில் சேலையைத் தொங்கவிட்டுக்கொண்டு பிழிகிறேன். மாவு புளித்த வாடையும் என் மேல் பால் வாடையும் சேர்ந்து குமட்டுகிறது. மதினி சேலையை விலக்கி எட்டிப்பார்த்து, "ம்ஹும், எருமை மாதிரி வருது, குடிக்கத்தான் ஆள் இருக்கணும்" என்கிறாள். ச்சீ, என்ன பிறவி!

அந்தப் புட்டியை ஐஸ் டப்பாவில் வைத்து, சட்னித் தூக்குக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு அவர் போகிறார்.

ஷ்யாமளா என்று ஒரு நர்ஸ், செம்பூர்க்காரி, பாலக்காட்டுத் தமிழ். அவர் போனில் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா என்னிக்கு வருவா? இங்க எல்லா அம்மாவும் வராளே" என்றாள். தையல் ஆறவில்லை என்றேன்.

இன்னொரு கூத்து. அவருடைய சித்தப்பா கணேசபாண்டியன், நம் ஊர்க்காரர் சங்கத்துச் செயலாளர், பார்க்கப் போயிருக்கிறார். உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் போட்டோ எடுத்துவந்து, "பாரும்மா" என்று போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். நான் திரும்பிக்கொண்டேன். நீ சொன்ன வழக்கம் இருக்கிறதே. அவர் அந்தப் போட்டோவைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டுகிறார், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
பிரேமலதா

*

வள்ளியூர்,
29 பிப்ரவரி 2024

அன்புள்ள பிரேமா,

நலம். நலமறிய ஆவல் என்றெல்லாம் இன்று எழுதப் பொறுமையில்லை. முட்டை வந்ததில் இருபது அழுகல். கூடமே நாறுகிறது.

உன் மதினி கொள்ளிக்கண்ணை எடுத்துப்போட்டு மிதி. எருமையாம்! அவள் பெற்ற மூன்றையும் எருமையா வளர்த்தது? கணேசபாண்டியனிடம் சொல், போட்டோ எடுக்க ஆசையாக இருந்தால் கண்ணாடி முன்னால் நின்று தன் பல்லை எடுத்துக்கொள்ளச் சொல்.

மார்ச் ஐந்தோடு முப்பது நாள் முடிகிறது. அன்றைக்குத் தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டுப் போய்ப் பார். பார்த்ததும் எழுது. மூக்கு நம் அப்பா மூக்கா, அந்த வீட்டு மூக்கா? இங்கே வேறு யாரிடமும் கேட்க முடியாது. உன் அத்தானுக்குக் குழந்தைப் பேச்சு என்றாலே ஆகாது, உனக்குத் தெரியும்.

அக்கா

*

தாராவி,
7 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். வெயில் ஏறிவிட்டது, தகரக் கூரை கொதிக்கிறது. அங்கே எப்படி?

எடை ஆயிரத்து நூற்று இருபது. ஐந்தாம் தேதி போகலாம் என்று குளித்துப் புறப்பட்டேன். மதினி வாசலில் நின்றாள். நாற்பது நாள் தீட்டு கழியாமல் வீட்டுப்படி தாண்டக் கூடாதாம். அவளோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. பதினைந்தாம் தேதி நாற்பது முடியும், பார்க்கலாம்.

இப்போது தினமும் ஒரு மணி நேரம் அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சோடு ஒட்டிப் படுக்கவைத்துக்கொள்கிறார். கங்காரு என்று அதற்குப் பெயராம். அவர் கையில் கொப்பரை ஆவி சுட்ட தழும்புகள் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து நர்ஸ் முதலில் பயந்தாளாம். இப்போது, "இந்த அப்பா மாதிரி கை கழுவற ஆளை நான் பார்த்ததில்லே" என்று மற்றவர்களுக்குச் சொல்கிறாளாம். பெரிய டாக்டர் மட்டும் தினமும் இந்தியில் கேட்கிறாராம், "மம்மி கிதர் ஹை?" அம்மா எங்கே என்று. இவர் கை கழுவப் போய்விடுவாராம்.

கங்காருவாம். நெஞ்சு முடியில் வியர்வையும் சாம்பார் வாடையுமாக ஒரு மனுஷன், அதில் ஒரு... எனக்கு இதையெல்லாம் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. நீ கோபித்துக்கொள்ளாதே.

பிரேமலதா

*

வள்ளியூர்,
13 மார்ச் 2024

ஏட்டி பிரேமா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ எழுதிய கடிதங்களை அரிசி மூட்டை மேல் வரிசையாக விரித்துவைத்து மறுபடி படித்தேன். "அவர் சொன்னார்", "வைத்திருக்கிறார்களாம்", "கத்துமாம்", "இருக்கிறதாம்", "வருமாம்". உன் கண்ணால் பார்த்த ஒரு வரி இல்லை. மீன்முள்ளைப் பார்த்திருக்கிறாய், ஆப்பிளைப் பார்த்திருக்கிறாய்.

முப்பது நாள் என்றால் முப்பது நாள். இந்த நாற்பது எங்கிருந்து வந்தது? கோமதியம்மாள் சொல்லுக்கு என்றைக்கு நீ அடங்கினாய்? கல்யாணத்தன்றைக்கே பந்தியில் அவளோடு சண்டை போட்டவள் நீ. மதினி வாசலில் நின்றாளாம், இவள் திரும்பினாளாம். யாருக்குக் கதை விடுகிறாய்?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. உனக்கு என்னட்டி?

பானுமதி

*

வள்ளியூர்,
21 மார்ச் 2024

அன்புள்ள பிரேமா,

எட்டு நாளாக உன் கடிதம் இல்லை. திங்கட்கிழமை அத்தான் போனில் ஒரு படம் வந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர். கணேசபாண்டியன் வெள்ளைச் சட்டையில் கைகூப்பிக்கொண்டு இடுப்புவரை நிற்கிறார். சங்கத்தார் எட்டுப் பேர் வரிசையாக. மூலையில் தீப்பெட்டி அளவில் உன் பிள்ளை.

அடுப்பில் சாம்பார் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடி அத்தானைப் போன் போடச் சொன்னேன். தம்பி எடுத்து, "உசிரோடதான் இருக்கா மதினி, அந்தப் பய செஞ்ச வேலை" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அத்தான் பக்கத்திலேயே நின்றதால் என்னால் மேலே கேட்க முடியவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அஞ்சலியா! இப்படியும் ஒரு சங்கமா! காறித் துப்பினாலும் என் எச்சிலுக்குத்தான் கேவலம்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கின் மேல் பிளாஸ்திரி. மூக்கு தெரியவில்லை. அப்போது எனக்கு ஒரே அழுகை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கலைந்துபோயிற்று என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். ஏழு மாதத்தில் பையன் பிறந்தான். இந்த வீட்டில்தான். அத்தை அவனைப் பழஞ்சேலையில் சுற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டு, முப்பது நாள் பார்க்காதே என்றாள். ஆஸ்பத்திரிக்கு யாரும் கொண்டுபோகவில்லை. நானும் சொல்லவில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் சத்தம் நின்றது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை பிரேமா. அவனுக்கு மூக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்த வழக்கத்தைத்தான் நான் உனக்குத் தூக்கிக் கொடுத்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இனி நான் சொல்வதைக் கேட்காதே.

பானுமதி

*

தாராவி,
27 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீண்ட கடிதம். உட்கார்ந்து படி.

நாற்பது முடிந்தும் நான் போகவில்லை. பதினாறாம் தேதி குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி. இரண்டு தரம் மூச்சு நின்று, பெரிய மிஷினில் போட்டார்கள். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருந்தார். சீரியஸ் என்று சித்தப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். அவ்வளவுதான் செய்தது.

திங்கட்கிழமை காலை குழாயடிக்குக் குடத்தோடு போனேன். சந்து முனையில் பேனர். காற்றில் படபடவென்று அடிக்கிறது. கணேசபாண்டியன் மூஞ்சி என் குடத்தைவிடப் பெரிது. மூலையில் ஒரு முகம். "எங்கள் அன்புச் செல்வம் இசக்கியம்மாள்" என்று கீழே போட்டிருந்தது. யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று நினைத்து நின்றேன். அப்புறம்தான் "வெங்கடேஷ் பிரேமலதா தம்பதியரின்" என்பதைப் படித்தேன்.

என் பிள்ளை முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அங்கேதான் அக்கா. அஞ்சலி பேனரில். கையில் காலிக் குடத்தோடு.

நீ கேட்டாயே, உனக்கு என்னட்டி என்று. சொல்கிறேன். ஆபரேஷன் மேஜையில் ஒரு கண் இமைக்கிற நேரம் அவளைக் காட்டினார்கள். சிவப்பாக, ஈரமாக, தோலுக்குள் நரம்பெல்லாம் தெரிந்தது. எலிக்குஞ்சு. எனக்கு ஓங்கரிப்பு வந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து எனக்கு வாந்தி வந்தது அக்கா. மயக்க மருந்து என்று நர்ஸ் துடைத்துவிட்டாள். மருந்து இல்லை, எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ முப்பது நாள் என்று எழுதினாய், பிடித்துக்கொண்டேன். மதினி நாற்பது என்றாள், அதையும் பிடித்துக்கொண்டேன். உங்கள் இருவர் மேலும் தப்பில்லை. ஊரில் எல்லோர் மேலும் காறித் துப்பினால் என் மேல் துப்ப எச்சில் இருக்காதே என்றுதான்.

குடத்தைப் போட்டுவிட்டுப் பேனரை இழுத்தேன். பாதி கிழிந்து வந்தது. கணேசபாண்டியன் ஓடி வந்தார். "என்னம்மா பண்ணுதே? இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொன்னாம்லா? மேலத்தெரு சங்கத்துக்காரன் முந்திருவான்னுதான் நான் அவசரமா அடிச்சேன்."

"அது யாரு இசக்கியம்மா?"

"பேரு இல்லாம பேனர் எப்பிடிம்மா அடிக்க? நீங்கதான் ஒண்ணும் வைக்கலையே. சங்கத்து ரெக்கார்டுக்கும் வேணும்."

அவர் முகத்தில் வருத்தம்கூட இருந்தது அக்கா. அதுதான் தாங்கவில்லை. உண்மையாகவே நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். மதினி வேறு வாசலில் நின்று, "ஃபிளெக்ஸ் என்ன வெலை தெரியுமா, கிழிக்கா" என்றாள். அவளைத் தள்ளிவிட்டு, போட்டிருந்த நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். தையல் வலித்தது.

ஷ்யாமளா என்னை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. முழங்கைவரை மூன்று தரம் கழுவ வைத்தாள். "பயப்படாம வாங்கோ. முதல்ல எல்லாருக்கும் பயம்தான்."

பயமில்லை, அருவருப்பு என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவள் என் கையைத் துடைத்துக்கொண்டே, "அதுவும்தான். எனக்கும் இங்க வந்த முதல் மாசம் சாதம் இறங்கலை" என்றாள். அவ்வளவுதான்.

பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்போதும் ஓங்கரிப்பு வந்தது, விழுங்கினேன். கை என் சுண்டுவிரல் நீளம். வாயில் குழாய். பெட்டியில் "பேபி ஆஃப் பிரேமலதா" என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே பேனாவால் தமிழில் மானசா என்று எழுதியிருந்தது, அவர் கோணல் எழுத்து. மூன்றாம் நாளே வைத்துவிட்டாராம். "நீ திட்டுவேன்னு சொல்லல" என்றார். ஆம்பளைக்கு ஒட்டாது என்று எழுதினாயே அக்கா. நாற்பத்து மூன்று நாள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

ஏழு நாள் ஊசி போட்டார்கள். நேற்று அந்த மிஷினை எடுத்துவிட்டுச் சின்னக் குழாய் வைத்தார்கள். என் நெஞ்சில் படுக்கவைத்தார்கள். கால் மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன், நான். அப்புறம் சூடாக ஏதோ வயிற்றில் ஓடியது. மஞ்சளாக ஆய் போயிருந்தாள், டயப்பரை மீறி என் தையல் தழும்புவரை. எனக்கு அருவருப்பே வரவில்லை அக்கா. கையால் வழித்தேன். சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அழுதேன்.

எடை ஆயிரத்து முந்நூற்று நாற்பது. நானே பார்த்தேன்.

உன் பையனைப் பற்றி நேரில் பேசலாம். எழுத வரவில்லை.

பிரேமா

*

வள்ளியூர்,
4 ஏப்ரல் 2024

அன்புள்ள பிரேமா,

இங்கே நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றன.

கணேசபாண்டியனை நேரில் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டேன். அவருக்கு அஞ்சலி பேனர் அடிக்க என் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்.

அத்தையிடம் நேற்று முதல்முறையாக அவனைப் பற்றிக் கேட்டேன். "மறந்துட்டேன்" என்றாள். வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னாள். அவள் தட்டில் சோறு போட எனக்குக் கை வரவில்லை, போட்டேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வருகிறேன். அத்தானிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

பிளாஸ்திரியை எப்போது எடுப்பார்கள்?

அக்கா

*

தாராவி,
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. வாசலில் மதினி ஆரத்தித் தட்டோடு நின்றாள். "என் மருமவ எப்பிடி இருக்கா பாரு, அன்னைக்கே சொன்னேன் தங்கும்னு" என்றாள். கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றேன். இன்னும் கழுவவில்லை, அதனால் இன்னும் தொடவில்லை.

சங்கத்திலிருந்து வரவேற்புப் பேனர் வைக்கிறார்களாம். கணேசபாண்டியன் போட்டோ எடுக்க வந்தார். பழைய பேனரில் கிழியாமல் மிஞ்சியது அவர் மூஞ்சி இருந்த பாதிதான். அதைக் கிரைண்டருக்கு அடியில் விரித்திருக்கிறோம். மாவு சிந்துகிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுக்காமலே போய்விட்டார்.

பிளாஸ்திரி எடுத்துவிட்டார்கள். கன்னத்தில் அதன் தடம் மட்டும் இருக்கிறது. நீ முதல் கடிதத்திலிருந்து கேட்டதற்கு இன்றைக்குப் பதில் எழுதுகிறேன். வெளிச்சத்தில் மடியில் போட்டு, நன்றாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா மூக்கு இல்லை. இந்த வீட்டு மூக்கும் இல்லை. நுனியில் கொஞ்சம் உருண்டை, இடது பக்கம் லேசாகச் சாய்வு, தும்மும்போது இரண்டு பக்கமும் விரிகிறது. உன் மூக்கு அக்கா. அச்சு அசல் உன் மூக்கு.

அவனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும். வந்து பார்.

பிரேமா